குவாங்சோவிலிருந்து திரும்பிய பிள்ளை: சீன மருத்துவப் படிப்பும் நம் குடும்பங்களும்

2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தாவிலிருந்து சீனாவின் குவாங்சோ நகருக்கு நேரடி விமானம் புறப்பட்டது. 2020இல் நின்றுபோன இந்திய–சீன நேரடி விமானப் போக்குவரத்து, ஐந்தாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு இப்படித் தொடங்கியது. அடுத்த சில வாரங்களில் டெல்லியிலிருந்தும் அதே நகருக்கு விமானம் விடப்பட்டது. சீனாவில் சரக்கு எடுக்கும் நம் வியாபாரிகளுக்கு இது நல்ல செய்தி. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்துவிட்டது. ‘சீனாவில் எம்.பி.பி.எஸ். படிக்கலாம், குறைந்த செலவில் டாக்டர் ஆகலாம்’ என்ற துண்டுப் பிரசுரங்கள் ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறவர்களின் கைகளில் மறுபடியும் திணிக்கப்படுகின்றன.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள சிறிய பள்ளிவாசலில் ஒரு வெள்ளிக்கிழமை பயான் செய்துவிட்டு வெளியே வந்தபோது நமக்கும் ஒரு பிரசுரம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற தம்பி அதை வாங்கிப் பார்த்தார். “ஹஜ்ரத், இதே கட்டடம்தான். 2018இல் எங்க வீட்டுக்கு வந்த நோட்டீஸிலும் இதே படம்தான் இருந்துச்சு” என்றார்.

அவரை நமக்கு நன்றாகத் தெரியும். குவாங்சோவில் மருத்துவம் படித்துப் பட்டத்தோடு திரும்பியவர். வீடு பெரிய பள்ளிவாசல் தெருவில். ஏன் தம்பி அங்கே ஜும்ஆவுக்கு வருவதில்லை என்று கேட்டோம். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “அங்கே எல்லாரும் டாக்டர்னு கூப்பிடுறாங்க ஹஜ்ரத். நான் இன்னும் பரீட்சை பாஸ் பண்ணலை.”

அன்று அஸர் வரை அவரோடு உட்கார்ந்து பேசினோம். பெயரும் கல்லூரியும் வேண்டாம், மற்றதையெல்லாம் எழுதுங்கள் என்று அவரே சொன்னார். நம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு வீட்டிலும் பேசப்பட வேண்டிய விஷயங்கள் அதில் இருப்பதால் எழுதுகிறோம்.

வழியனுப்பிய அன்று நாம் சொன்னது

முதலில் நம் பங்கைச் சொல்லிவிட வேண்டும். 2018 செப்டம்பரில் அவரை வழியனுப்ப அவர் வீட்டில் துஆ ஓதியவர்கள் நாம்தான். கல்வியைத் தேடிச் சீனா வரையிலும் செல்லுங்கள் என்ற கருத்தில் நபிமொழியாகச் சொல்லப்பட்டு வரும் கூற்றை அன்று எடுத்துச் சொன்னோம். வந்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். பிள்ளையின் அத்தா கண்கலங்கினார்.

அந்தக் கூற்று ஆதாரபூர்வமான ஹதீஸ் அல்ல என்பதை மதரஸாவில் நாம் படித்திருக்கிறோம். இப்னு ஹிப்பான் அதை அடிப்படையற்றது என்றார். இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தம் நூலில் அதைச் சேர்த்தார். கல்வி தேடுவது கடமை என்பதற்கு வேறு ஆதாரங்கள் இருக்கின்றன, அதில் ஐயமில்லை. ஆனால் சீனா என்ற பெயர் வந்ததும், இடத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று யோசிக்காமல் சொல்லிவிட்டோம். எந்தக் கல்லூரி, எந்த மொழியில் பாடம், திரும்பி வந்தால் என்ன தேர்வு என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

ஏன் சீனா?

அந்தக் குடும்பம் ஆடம்பரத்துக்காகச் சீனாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிள்ளை நீட் தேர்வில் தகுதி மதிப்பெண் பெற்றிருந்தார். அரசு இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. தமிழகத்தில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு உள்ள 3.5 சதவீத ஒதுக்கீட்டிலும் எட்டவில்லை. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். சீனாவிலோ ஆண்டுக் கட்டணம் 30,000, 40,000 யுவான் என்ற அளவில்தான் இருந்தது. நம் பணத்தில் நான்கு, ஐந்து லட்சத்துக்குள். வளைகுடாவில் இருபது வருடம் உழைத்துத் திரும்பிய அத்தா, உம்மாவின் நகையையும் ஒரு மனையையும் விற்றுப் பணம் கட்டினார்.

கமிஷனுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு வீட்டுக்கு வந்து பேசினார். இந்திய உணவு கிடைக்கும், பள்ளிவாசல் உண்டு, ஆங்கிலத்தில் பாடம், உலகத் தரவரிசையில் நல்ல இடம் என்றெல்லாம் சொன்னார். இவற்றில் முழுப் பொய் என்று எதையும் சொல்ல முடியாது என்கிறார் இந்தத் தம்பி. சொல்லாமல் விட்டவைதான் பின்னால் அவரை வாட்டின.

நகரமும் மார்க்கமும்

குவாங்சோவில் இறங்கிய மறுநாளே தங்குமிடத்தைக் காவல் துறையில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வெளிநாட்டவர் வந்து 24 மணி நேரத்துக்குள் இதைச் செய்ய வேண்டும் என்பது சீனச் சட்டம். வாட்ஸ்அப், கூகுள், ஃபேஸ்புக் எதுவும் அங்கே இயங்குவதில்லை. உம்மா வீசாட் செயலியைப் பழகும்வரை வீட்டோடு பேச முடியவில்லை. சீன நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர் இஷா தொழுதுவிட்டுப் பேச உட்காரும்போது இங்கே மாலை தேநீர் நேரம்.

உணவைப் பற்றி நாம் பயந்த அளவுக்கு அவர் சிரமப்படவில்லை. ‘சிங்ஜென்’ என்ற சீன எழுத்துகள்தான் அங்கே ஹலாலுக்கு அடையாளம். ஹூய் எனப்படும் சீன முஸ்லிம்கள் நடத்தும் லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் சீன நகரங்கள் எங்கும் உண்டு. அரபுகளும் ஆப்பிரிக்கர்களும் வியாபாரத்துக்குக் கூடும் ஷியாவ்பெய் பகுதியில் ஹலால் உணவகங்களுக்குக் குறைவில்லை. முதல் மாதம் பிஸ்கட்டும் பழமும் சாப்பிட்டவர், அந்த எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்ட பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

குவாங்சோ பழைய துறைமுகம். அரபு நூல்கள் அதைக் கான்ஃபூ என்று குறிப்பிடுகின்றன. தாங் அரச வம்சக் காலத்திலேயே அங்கே முஸ்லிம் வணிகர்கள் குடியிருந்தார்கள். நபியவர்களின் நினைவைப் பெயரிலேயே தாங்கிய ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் நகரின் நடுவே இருக்கிறது. அதன் உயரமான மினாரா ஒரு காலத்தில் கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. நகரின் இன்னொரு பகுதியில் ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுடையது என்று சீன முஸ்லிம்கள் மரபாகச் சொல்லும் கப்ரு உள்ளது. அவர்கள் மதீனாவுக்கு அருகில் வஃபாத்தாகி பகீஃயில் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பதே வரலாற்று நூல்கள் தரும் செய்தி. அந்தக் கப்ரை ஒட்டிய ஷியான்ஷியான் பள்ளிவாசலில்தான் நம் தம்பி ஜும்ஆ தொழுதார். ஆப்பிரிக்கர், அரபு, வங்கதேசத்தவர், ஹூய் என்று பல நாட்டவர் நிறைந்த அந்தக் கூட்டத்தில் முதல் வெள்ளிக்கிழமை அழுதுவிட்டதாகச் சொன்னார்.

கல்லூரிக்குள் நிலைமை வேறு. வெளிநாட்டு மாணவர் குறித்து 2017இல் வந்த சீன அரசின் விதிகள், மாணவரின் நம்பிக்கையைப் பல்கலைக்கழகம் மதிக்க வேண்டும் என்கின்றன. ஆனால் வளாகத்தில் தொழுகைக்கு இடம் தரப்படாது, பிரச்சாரமும் மதக் கூட்டமும் கண்டிப்பாகக் கூடாது என்றும் சொல்கின்றன. அறையில் தனியாகத் தொழுவதை யாரும் தடுக்கவில்லை. அங்கே மதிய இடைவேளை நீண்டது, சீன மாணவர்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள். அதனால் லுஹருக்குச் சிரமம் இருக்கவில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து ஜமாஅத்தாகத் தொழுதபோது விடுதிப் பொறுப்பாளர் அழைத்து எச்சரித்தார். ரமலானில் தராவீஹை ஒவ்வொருவரும் தனித்தனியே அறையில் தொழுதார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் பெருந்திரளாகத் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டது பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31 அன்று அறிக்கை வெளியிட்டது. அங்கே நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என்று அது கூறியது. சீன அரசு அதை மறுத்தது. நிங்ஷியா, யுன்னான் போன்ற ஹூய் முஸ்லிம் பகுதிகளிலும் ‘சீனமயமாக்கல்’ என்ற பெயரில் பள்ளிவாசல்களின் குவிமாடங்களும் பிறைகளும் அகற்றப்பட்டன. நம் தம்பி வழக்கமாகச் சாப்பிட்ட உய்குர் உணவகத்துக்காரரிடம் ஒருநாள் ஊர் நிலவரத்தைக் கேட்டார். அவர் பதில் சொல்லாமல், இன்னொரு ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அதன் பிறகு இவர் கேட்கவில்லை. வெளிநாட்டு மாணவர் அங்கே தம் வணக்கங்களை நிறைவேற்றலாம். கண்ணில் படுவதைப் பற்றிப் பேச முடியாது. இதைப் பிள்ளையும் பெற்றோரும் அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

வகுப்பறையிலிருந்து மருத்துவமனைக்கு

முதல் இரண்டு ஆண்டுகள் பெரிய குறை தெரியவில்லை. ஆசிரியர்களில் சிலர் நன்றாக ஆங்கிலம் பேசினார்கள், சிலர் திரையில் இருப்பதை வாசித்தார்கள். உடற்கூறு ஆய்வகம் நன்றாக இருந்தது. தேர்வுகள் எளிதாக இருந்தன. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி என்று வீட்டுக்குச் செய்தி போனது. அந்த எளிமையே பின்னால் ஆபத்தானது என்று இன்று அவர் சொல்கிறார்.

மருத்துவமனைப் பயிற்சி வந்தபோது பிரச்சினை வெளிப்பட்டது. நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால்தான் வெளிநாட்டு மாணவர் எச்.எஸ்.கே. எனப்படும் சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை வரை தேற வேண்டும் என்று அங்கே வைத்திருக்கிறார்கள். இவர் கஷ்டப்பட்டு அதில் தேறினார். ஆனால் அவர் படித்தது மாண்டரின் சீனம். குவாங்சோவின் முதியவர்கள் வீட்டில் பேசுவது காண்டனீஸ். வயிற்று வலியோடு வந்த ஒரு பாட்டி பத்து நிமிடம் பேசியதில் இவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற சீன மாணவி அதை இரண்டு வரியில் மாண்டரினில் சொன்னார். இவர் அதை மனதுக்குள் ஆங்கிலமாக்கிக் குறித்துக்கொண்டார். “நோயாளிகிட்ட ஒரு கேள்விகூட நானா கேட்காம அந்த மாசம் முடிஞ்சுபோச்சு ஹஜ்ரத்” என்றார். ஊசி போடுவது, தையல் போடுவது எல்லாம் பெரும்பாலும் தள்ளி நின்று பார்த்ததோடு சரி.

நோய்களும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் ஒருவகைப் புற்றுநோய் அந்த மாகாணத்தில் மிக அதிகம். அதற்குக் காண்டன் கட்டி என்றே ஒரு பெயர் உண்டு. அதை அவர் நன்றாகப் படித்திருக்கிறார். காலா-அசார் ஒழிப்பு, காசநோய்க்கு இந்திய அரசு நடத்தும் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் அமைப்பு ஆகியவை அவர் பாடத்தில் இல்லை. இந்தியா திரும்பி எழுதும் தேர்வில் இவைதான் கேட்கப்படுகின்றன.

2020 ஜனவரி

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு 2020 ஜனவரியில் இரண்டு ஜோடி உடையோடு ஊருக்கு வந்தார். அந்த மாதம் 23ஆம் தேதி வூஹான் நகரம் மூடப்பட்டது. மார்ச் 28 முதல் செல்லுபடியாகும் விசா வைத்திருந்த வெளிநாட்டவரையும் சீனா உள்ளே விடவில்லை. 2022 ஆகஸ்டில்தான் இந்திய மாணவர்களுக்கு மறுபடியும் விசா வழங்கத் தொடங்கினார்கள். அப்போது சீனாவில் பதிவு செய்திருந்த இந்திய மாணவர்கள் 23,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர்கள்.

இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாக மாடி அறையில் கைப்பேசித் திரையில் மருத்துவம் படித்தார். அதிகாலையிலேயே வகுப்பு தொடங்கிவிடும். உள்ளூர் மருத்துவமனையில் சும்மா நின்று பார்க்கக்கூட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆன்லைனில் படித்த காலம் செல்லுமா, கூடுதலாக எவ்வளவு பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்கான அறிவிப்புகள் இங்கே அடுத்தடுத்து மாறின. 2022 கடைசியில் வேறு நாடுகள் வழியாகச் சுற்றிக்கொண்டு, பல மடங்கு விமானக் கட்டணம் கொடுத்துத் திரும்பிப் போனார். விடுதி அறையில் விட்டுவந்த புத்தகங்களில் பூஞ்சை பிடித்திருந்தது.

அவர் இதில் யாரையும் குறை சொல்லவில்லை, நோய்த்தொற்று அல்லாஹ்வின் நாட்டம் என்கிறார். ஆனால் ஒரு நாட்டின் கதவு மூடினால் பிள்ளையின் படிப்பு என்னாகும் என்ற கேள்வி இனி எந்தக் குடும்பத்துக்கும் புதிதாக இருக்கக் கூடாது.

பட்டம் வந்தது, பதிவு வரவில்லை

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இந்தியாவில் பணிபுரிய எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் தேற வேண்டும். 300 கேள்விகள், 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. 2022 செப்டம்பரில் பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் பெற்றோருக்கென ஓர் அறிவுரை வெளியிட்டது. 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்துவிட்டு இந்தத் தேர்வை எழுதிய 40,417 பேரில் 6,387 பேர் மட்டுமே தேறினார்கள் என்று அதில் உள்ளது. நூற்றுக்குப் பதினாறு பேர். எந்தப் பிரசுரத்திலும் இந்த எண்ணைப் பார்க்க முடியாது.

நம் தம்பி இரண்டு முறை எழுதிவிட்டார். இரண்டாம் முறை சில மதிப்பெண்களில் தவறிவிட்டது. மூன்றாவது முறைக்குப் படிக்கிறார். இடையில், குவாங்சோவிலிருந்து சரக்கு எடுக்கும் நம் ஊர் வியாபாரி ஒருவருக்குத் தொலைபேசியில் சீன மொழிபெயர்ப்பு செய்து கொடுக்கிறார். அதில் வரும் பணத்தில்தான் பயிற்சி வகுப்புக் கட்டணம் கட்டுகிறார். அத்தாவிடம் மேலும் கேட்க மனம் வரவில்லை என்றார். வெளிநாட்டில் தனியாக ஹலால் தேடிச் சாப்பிட்டு, பஜ்ர் தவறாமல் எழுந்து, ஒரு கடினமான மொழியைக் கற்றுத் திரும்பிய இந்தப் பிள்ளையை, ஒரு தேர்வு முடிவை வைத்துத் தோற்றவர் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அனுப்பும் முன் கேளுங்கள்

சீனாவுக்கு அனுப்பவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தேறிய பதினாறு பேரும் நம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார்கள். அந்தத் தம்பியோடு பேசியதிலிருந்து பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்துத் தருகிறோம்.

1. ஆங்கில வழி மருத்துவப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கச் சீன அரசு அனுமதித்த பல்கலைக்கழகங்கள் 45 என்று தூதரகத்தின் அறிவுரை சொன்னது. நீங்கள் பார்க்கும் கல்லூரி இன்றைய பட்டியலில் இருக்கிறதா? ஏஜெண்டிடம் கேட்காமல் தூதரகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

2. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. அதன் பிறகு 12 மாதப் பயிற்சி அதே நிறுவனத்தில் நடக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பாதி சீனம், பாதி ஆங்கிலம் என்ற படிப்பு செல்லாது. படித்த நாட்டில் மருத்துவராகப் பணிபுரியும் தகுதியும் கேட்கப்படுகிறது. இவை நான்கும் எழுத்தில் கிடைக்கிறதா?

3. நோயாளிகள் எந்த மொழி பேசுவார்கள்? பிள்ளை அந்த மொழியை முதல் மாதத்திலிருந்தே கற்கத் தயாரா?

4. அந்தக் கல்லூரியில் படித்துத் தகுதித் தேர்வில் தேறிய மூன்று பேரிடமும், தேறாத மூன்று பேரிடமும் நேரில் பேசினீர்களா?

5. முழுக் கணக்கைப் போட்டீர்களா? படிப்பு ஆறு ஆண்டு, தகுதித் தேர்வுக்கு ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ, பிறகு இந்தியாவில் 12 மாதப் பயிற்சி. இவை அனைத்தும் சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும். அத்தனை காலமும் குடும்பம் தாங்குமா?

6. பிள்ளைக்கு உண்மையில் மருத்துவராக ஆசையா, அல்லது நமக்கா? சென்னையில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செவிலியர் படிப்பு, மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம் எல்லாம் கண்ணியமான வாழ்க்கை தருபவை. இவற்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசினீர்களா?

திரும்பி வருகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது

சீனா, ரஷ்யா, பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா என்று பல நாடுகளில் படித்துத் திரும்பி, தேர்வுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் நம் ஊர்கள் பலவற்றில் இருக்கிறார்கள். அவர்களைக் கல்யாண வீட்டில் ‘டாக்டர், எங்கே பிராக்டிஸ்?’ என்று கேட்பது நமக்கு விளையாட்டு. அவர்களுக்கு அது தினமும் கிடைக்கும் அடி. பதிவு பெறாதவரிடம் மருந்துச் சீட்டு எழுதச் சொல்வதும் நடக்கிறது. அது சட்டப்படி குற்றம் என்பதால் அந்தப் பிள்ளையின் எதிர்காலமே போய்விடும்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யக்கூடிய எளிய உதவி ஒன்று இருக்கிறது. பள்ளிவாசல் மாடியிலோ மதரஸாவிலோ ஒரு அறை, விளக்கு, இணைய இணைப்பு. தேர்வெழுதும் பிள்ளைகள் நான்கைந்து பேர் அங்கே சேர்ந்து படிக்கட்டும். தேறி விட்டவர் வாரம் ஒருமுறை வந்து சொல்லிக் கொடுக்கட்டும். பயிற்சிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு ஜமாஅத் கடனாகக் கொடுக்கட்டும், பணி கிடைத்ததும் திருப்பித் தரட்டும்.

நம் ஊர்ப் பெரிய பள்ளிவாசலின் நிர்வாகிகளிடம் இதைப் பேசியிருக்கிறோம். மேல் மாடி அறையைத் திறந்துவிட ஒப்புக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். தம்பியிடம் சொன்னோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பிறகு, “கீழே யாரும் டாக்டர்னு கூப்பிட மாட்டாங்கன்னா வர்றேன் ஹஜ்ரத்” என்றார். முஅத்தினிடமும் வாசலில் உட்காரும் பெரியவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். இனி அவரை அவருடைய பெயர் சொல்லியே அழைப்பார்கள்.

இனி எந்த வீட்டிலாவது பிள்ளையை வெளிநாட்டுக்கு வழியனுப்ப துஆவுக்கு அழைத்தால், பணம் கட்டுவதற்கு முன்பே நம்மை ஒருமுறை அழையுங்கள். மேலே உள்ள ஆறு கேள்விகளையும் கேட்டுவிட்டு, இன்ஷா அல்லாஹ், துஆ ஓதுகிறோம்.